நான்காம் தலைமுறையும் கொல்லாமை விரதமும்



பேரன் பேத்தியரைக் கண்டு மகிழ்ந்தோர் நம்மிடையே பலர். பேத்தியின் மக்களையும் மடியில் ஏந்தியோர் சிலரே. அச்சிலருள் ஒருத்தியாக வாழும் பேறு எனக்கு வாய்த்துள்ளது. எனக்கு இப்போது வயது 78. ஆசிரியப் பயிற்சி முடித்து, 1967 முதல் 2005 வரை 38 ஆண்டுகள் வந்தவாசிப் பகுதியின் சிற்றூர்ப் பள்ளிகளில் பணியாற்றி ஓய்வு பெற்றேன். என் மகளே இன்று ஒரு பாட்டி. அவளுடைய மகள் சென்னையில் கணவருடனும் இரு குழந்தைகளுடனும் வாழ்கிறாள். கொள்ளுப்பேரனுக்கு ஒன்பது வயது. கொள்ளுப்பேத்திக்கு மூன்று வயது.

நான்கு தலைமுறை ஒரே கூரையின்கீழ் அமரும்போது உள்ளம் நிறைகிறது. அத்துடன் ஒரு வினாவும் எழுகிறது. மகனையோ மகளையோ வளர்க்கும் பொறுப்பு தாய் தந்தையருக்கு உரியது. பேரக்குழந்தைகளைப் பேணுவதில் பாட்டன் பாட்டிக்கும் பங்குண்டு. நான்காம் தலைமுறைக்கு நாம் செய்யத்தக்கது யாது? அவர்களுக்கு அறத்தை எவ்வாறு கையளிப்பது? இவ்வினாவிற்கு நூல்களிலிருந்து விடை தேடும் முன்னர், என் பிழையிலிருந்தே தொடங்குவது முறையாகும் எனக் கருதுகிறேன். ஆசிரியர் தம் பிழையை மறைத்துப் பாடம் நடத்தினால் மாணவர் அதை எளிதில் கண்டுகொள்வர் அன்றோ!

1. நிகழ்ந்தது

2024ஆம் ஆண்டு தீபாவளியன்று, பகவான் மகாவீரர் வீடுபேறடைந்த நன்னாள் வழிபாட்டை ஊர் ஜினாலயத்தில் முடித்துக்கொண்டு, சில நாள் கழித்துச் சென்னைக்குப் புறப்பட்டேன். ஆறு வாரம் பேத்தி வீட்டில் தங்குவதாக ஏற்பாடு. பேத்தியும் அவள் கணவரும் கணினி நிறுவனங்களில் பணிபுரிகின்றனர். அவள் வீடு திரும்ப மாலை ஏழு மணியாகும். அவர் திரும்ப எட்டரை ஆகும். சிறுவன் பள்ளி முடிந்து சதுரங்க வகுப்பிற்குச் சென்று, ஆறரை மணிக்கு வேனில் வந்து இறங்குவான். கார்த்திகை மாதத்தில் சென்னையில் மாலை 5.40 மணியளவில் கதிரவன் மறைந்துவிடுகிறான். ஆகவே அவன் வீட்டுப் படியேறும்போது நன்றாக இருட்டியிருக்கும். வந்ததும் பசியோடு உண்பான்.

நான் ஏழு வயது முதல் இருட்டிய பின் உணவு கொண்டதில்லை. என் கண்ணெதிரில் என் வழித்தோன்றல் இரவில் உண்பதைப் பொறுக்க இயலவில்லை. இரண்டாம் நாளே ஒரு தாளில் பதினொரு விதிகளை அழகாக எழுதி, குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டினேன். கதிரவன் மறைந்தபின் உண்ணலாகாது. கிழங்கு வகை உண்ணலாகாது. வடிகட்டாத நீர் பருகலாகாது. காலையும் மாலையும் பஞ்ச நமஸ்கார மந்திரம் 108 முறை ஓத வேண்டும். இவ்வாறு விதிகள் நீண்டன. பள்ளிக்கூடக் கால அட்டவணை எழுதிப் பழகிய கை அல்லவா?

சிறுவன் எதிர்த்துப் பேசவில்லை. ஆறரை மணிக்கு வந்து, நீர் மட்டும் பருகி, தன் அறைக்குள் சென்றுவிடுவான். பேத்தி ஒன்றும் சொல்லவில்லை. அவன் பழகிவிட்டான் என்று நான் மகிழ்ந்தேன். பத்தாம் நாளோ பதினோராம் நாளோ, அவன் படுக்கையை உதறி விரிக்கும்போது தலையணையின்கீழ் பிஸ்கட் துகள்களும் கசங்கிய உறையும் கிடைத்தன. அவனை அழைத்து, "இரவில் இதை நீ உண்டாயா?" என்று கேட்டேன்.

"இல்லை, பெரிய பாட்டி. நான் உண்ணவில்லை" என்றான். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தான்.

முப்பத்தெட்டு ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவளுக்கு, அச்சத்தினால் சொல்லப்படும் பொய்யை அறியத் தெரியாதா? உறையை மடித்து வைத்துவிட்டுப் பேசாதிருந்தேன். அன்றிரவு பேத்தி என் அருகில் அமர்ந்து மெல்லச் சொன்னாள்: "பாட்டி, கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் ஊரிலிருந்து வருகிறீர்கள் என்றால் முன்பெல்லாம் நாட்களை எண்ணிக்கொண்டிருப்பான். இப்போது நீங்கள் எப்போது ஊருக்குப் போவீர்கள் என்று என்னிடம் கேட்கிறான்."

அச்சொல் என்னைச் சுட்டது. ஸாமாயிகத்தில் அமர்ந்தேன். இரண்டு நாழிகையும் உடல் அமர்ந்திருந்ததேயன்றி உள்ளம் அமரவில்லை. இரவுணவு நீக்கத்தைக் கற்பிக்க முற்பட்டு, எட்டு வயதுக் குழந்தைக்குப் பொய்யைக் கற்பித்துவிட்டேன். கொல்லாமையின் பெயரால் வாய்மையைக் கொன்றவள் நான்.

2. விரதத்தின் ஐந்து மாசுகள்

மறுநாள் தத்துவார்த்த சூத்திரத்தைத் திறந்தேன். உமாஸ்வாமி ஆசாரியர் அருளிய அந்நூல் பத்து அத்தியாயங்களை உடையது. ஏழாம் அத்தியாயம் விரதங்களைக் கூறுகிறது. ஒவ்வோர் அணுவிரதத்திற்கும் ஐந்தைந்து அதிசாரங்கள், அதாவது விரதத்தை முற்றும் அழிக்காது மாசுபடுத்தும் குற்றங்கள், அங்கே எடுத்துரைக்கப்படுகின்றன. கொல்லாமை அணுவிரதத்திற்குக் கூறப்படும் ஐந்து மாசுகளாவன:

1. கட்டி வைத்தல்
2. அடித்தல்
3. உறுப்பை அறுத்தல்
4. அளவிற்கு மீறிய சுமையை ஏற்றுதல்
5. உணவையும் நீரையும் தடுத்தல்

இவற்றை மாணவப் பருவத்திலேயே மனப்பாடம் செய்தவள் நான். அப்போது விளக்கம் சொன்ன பெரியவர், வண்டி மாட்டையும் ஏர்க்காளையையும் சான்றாகக் காட்டினார். மாட்டைக் கட்டும்போது கழுத்து இறுகாமல் கட்டு. வண்டியில் அதிக மூட்டை ஏற்றாதே. வேலை வாங்கிவிட்டுத் தீனி போட மறவாதே. உழவுத் தொழிலை நம்பி வாழ்ந்த நம் குடும்பங்களுக்கு அது பொருத்தமான விளக்கமே. அதனால் இவ்வைந்தும் கால்நடைகளைப் பற்றியவை என்றே என் மனத்தில் பதிந்துவிட்டது. நம் வீடுகளில் இன்று வண்டி மாடுகள் அருகிவிட்டன. ஆகவே இப்பகுதி நமக்குரியதன்று என எண்ணி, பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம்.

அன்று அப்பக்கத்தைப் புரட்ட முடியவில்லை. நான்காவதும் ஐந்தாவதும் என்னைப் பெயர் சொல்லி அழைப்பனபோல் இருந்தன. எட்டு வயதுச் சிறுவனின் தோளில் ஒரே நாளில் பதினொரு விதிகளை வைத்தது அளவிற்கு மீறிய சுமை அன்றி வேறென்ன? பகலெல்லாம் படித்துக் களைத்து வந்த குழந்தையைப் பசியோடு படுக்க வைத்தது உணவைத் தடுத்தல் அன்றி வேறென்ன?

இங்கு மற்றொரு நூற்கருத்தையும் நினைவுகூர்தல் நலம். அமிர்தசந்திர ஆசாரியர் புருஷார்த்த சித்தியுபாயம் என்னும் நூலில், உள்ளத்தில் விருப்பு வெறுப்பு முதலியவை தோன்றாமையே அகிம்சை என்றும், அவை தோன்றுவதே இம்சை என்றும் கூறுகிறார். உயிர்க்கொலை நிகழ்வதற்கு முன்பே, கொல்லும் மனநிலை எழும்போதே இம்சை தொடங்கிவிடுகிறது. நான் விதித்தாள் எழுதியபோது என் உள்ளத்தில் இருந்தது என்ன? குழந்தையின் உயிர்நலம் பற்றிய பரிவு சிறிதே இருந்தது. 'என் வழித்தோன்றல் இப்படி இருக்கலாமா' என்னும் மானமும், 'என் சொல் நடக்க வேண்டும்' என்னும் சினமும் பெரிதும் இருந்தன. சினம், செருக்கு, வஞ்சனை, பற்றுள்ளம் என்னும் நான்கு கஷாயங்களுள் முதலிரண்டும் என்னிடம் இருந்தன. என்னைக் கண்டு அஞ்சிய குழந்தை மூன்றாவதாகிய வஞ்சனையைக் கைக்கொண்டான்.

3. இரவுணவு நீக்கம்: காரணம் அறிதல்

இவ்வாறு எழுதுவதால் இரவுணவு நீக்கத்தின் பெருமை குறைவதாக எவரும் கருதலாகாது. விளக்கொளியை நாடிவரும் சிற்றுயிர்கள் உணவில் வீழ்ந்து மடிகின்றன. இருளில் அவற்றைக் கண்டு விலக்குதல் அரிது. ஆகவே கதிரவன் ஒளியில் உண்பதை நம் முன்னோர் வாழ்வின் ஒழுங்காகவே கொண்டனர். கதிரவன் மறைவதற்கு இரண்டு நாழிகை முன்னரே உணவை முடித்துவிடும் பெரியோரும் உளர்.

காரணம் தெரியாமல் கடைப்பிடிப்பது குழந்தைகளுக்குச் சுமையாகிறது. விதித்தாளை ஒட்டிய நாளில் கொள்ளுப்பேரன் ஒரே ஒரு வினாதான் கேட்டான்: "மின்விளக்குத்தான் இருக்கிறதே, பெரிய பாட்டி?" அன்று நான் "பெரியோர் சொன்னால் கேட்க வேண்டும்" என்று சொல்லி அவன் வாயை அடைத்தேன். வகுப்பறையில் ஒரு மாணவன் இத்தகைய வினாவைக் கேட்டிருந்தால் அவனை முதல் இருக்கையில் அமர்த்திப் பாராட்டியிருப்பேன்.

அவ்வினாவிற்கு விடை உண்டு. மழை பெய்த மாலையில் மின்விளக்கைச் சுற்றி எத்தனை ஈசல்கள் வீழ்கின்றன என்று காட்டினாலே போதும். விளக்கு ஒளிரும்தோறும் உயிர்கள் வருகை மிகுகிறதேயன்றிக் குறைவதில்லை. இன்னொன்றும் சொல்லலாம். பகலுணவை விட்டு இரவில் மட்டும் உண்டால் என்ன என்று வாதிடுவோர்க்கு, இரவுணவில் உணவின்மேல் உள்ள பற்று மிகுதி என்று அமிர்தசந்திரர் விடை தருகிறார். இரவில் தொலைக்காட்சிக்கும் கைப்பேசிக்கும் முன்னமர்ந்து, என்ன உண்கிறோம், எவ்வளவு உண்கிறோம் என்று அறியாமலே உண்ணும் நம் காலத்தவர்க்கு இக்கருத்தைத் தனியே விளக்க வேண்டுவதில்லை.

4. படிகள் பதினொன்று

சமந்தபத்திர ஆசாரியர் வடமொழியில் இயற்றிய இரத்தினகரண்டக சிராவகாசாரமும், அதன் பொருளைக் குறள் வெண்பாக்களில் தமிழர்க்கு வழங்கும் அருங்கலச்செப்பும் இல்லறத்தார் படிக்க வேண்டிய நூல்கள். இல்லறத்தான் உயர்ந்து செல்லும் பதினொரு நிலைகள் சிராவகாசாரத்தில் படிப்படியாக வைக்கப்பட்டுள்ளன. நற்காட்சி முதற்படி. விரதம் இரண்டாவது. ஸாமாயிகம் மூன்றாவது. பருவ நாட்களில் உண்ணாநோன்பு நான்காவது. உயிருள்ள பசுங்காய் முதலியவற்றைத் துறத்தல் ஐந்தாவது. இரவுணவை முற்றும் துறத்தல் ஆறாவது. பிரமசரியம், தொழில் துறத்தல், உடைமை துறத்தல், அனுமதி துறத்தல், தமக்கென ஆக்கிய உணவைத் துறத்தல் ஆகியவை அடுத்த ஐந்து.

இவ்வரிசையை எத்தனையோ முறை படித்திருக்கிறேன். என் வயதிற்குரிய படி எது என்று அன்றுதான் பார்த்தேன். பத்தாவதாகிய அனுமதித் தியாகம் என்பது யாது? வீட்டின் உலகியல் காரியங்களில், இது வாங்கலாம், இது விற்கலாம், இவ்வாறு செய்க, அவ்வாறு செய்யற்க என்று இசைவோ கருத்தோ கூறாது விலகி நிற்றலாகும். அந்நிலையை முறையாக ஏற்றோர் மிகச் சிலர். நான் அவருள் ஒருத்தியல்லேன். எனினும் கொள்ளுப்பேரனைக் கண்ட முதுமை எத்திசையை நோக்கி நடக்க வேண்டும் என்பதை அப்படி சுட்டிக்காட்டுகிறது. எட்டு வயதுக் குழந்தையை ஒரே தாவலில் ஆறாம் படியில் ஏறச் சொன்ன நான், எனக்கு எதிரில் நின்ற பத்தாம் படியை ஏறிட்டும் பார்க்கவில்லை.

அறம் கூறுதல் வேறு, ஆணையிடுதல் வேறு. அனுமதி துறந்தவரும் கேட்போர்க்கு அறம் கூறலாம். ஆணையின் உரிமையைத் துறந்தபின் கூறும் அறமே செவியில் நன்கு ஏறும்.

5. அடுப்படியில் கற்ற பாடம்

மறுநாள் மாலை சிறுவன் வந்ததும் அவனை அருகில் அமர்த்தி, "உன்னைப் பசியோடு படுக்க வைத்தது என் தவறு. பெரிய பாட்டியை மன்னித்துவிடு" என்றேன். பத்து அறங்களுள் முதலாவதாகிய உத்தம க்ஷமையைப் பற்றி மேடையில் பலமுறை பேசியிருக்கிறேன். ஒரு குழந்தையிடம் மன்னிப்புக் கேட்பது மேடைப் பேச்சைவிடக் கடினமாக இருந்தது. அவன் விழித்துப் பார்த்தான். பிறகு தானாகவே, "நான் அன்று பிஸ்கட் தின்றேன், பெரிய பாட்டி" என்றான். விதித்தாளை அவன் கையாலேயே எடுத்துவிடச் சொன்னேன்.

அதன்பின் எனக்கு மற்றொன்று விளங்கிற்று. மாலையில் உண்ணாதே என்று கட்டளையிட்டேனேயன்றி, பகலொளியில் அவன் உண்பதற்கு என்ன செய்தேன்? பேத்திக்கு அலுவலகம். அவள் கணவருக்கும் அவ்வாறே. வீட்டில் பகலெல்லாம் ஓய்ந்திருந்தவள் நான் ஒருத்தியே. கட்டளையிடுவது எளிது, அடுப்பு மூட்டுவது கடிது. மறுநாள் முதல் காலையில் இட்லியில் பொடியும் நல்லெண்ணெயும் தடவி இரண்டாவது டிபன் பெட்டியில் வைத்தேன். பள்ளி முடிந்து சதுரங்க வகுப்பிற்குச் செல்லும் வழியில், நான்கு மணிக்கு வேனிலேயே உண்டுவிடுவான். வயிறு நிறைந்த பிள்ளைக்கு ஆறரை மணியின் பசி பாதியாகக் குறைந்தது. அப்பசிக்கும் அவன் விரும்பினால் உணவு உண்டு, தடையில்லை என்று சொல்லிவிட்டேன்.

6. நியமமும் யமமும்

துறவு இருவகைப்படும் என்று இரத்தினகரண்டக சிராவகாசாரம் கூறுகிறது. கால எல்லை வகுத்து ஏற்பது நியமம். வாழ்நாள் முழுமைக்கும் ஏற்பது யமம். நம் முன்னோர் எத்துணை உளவியல் நுட்பம் அறிந்தவர்கள்! ஒரு நாள், ஒரு பக்கம், ஒரு திங்கள் என்று எல்லை வகுத்துக்கொள்ள இடமளித்திருக்கிறார்கள்.

ஆசிரியப் பயிற்சியில் எமக்கு முதலில் கற்பித்த கோட்பாடுகள் மூன்று. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க. எளியதிலிருந்து அரியதற்குச் செல்க. காட்சிப் பொருளிலிருந்து கருத்துப் பொருளுக்குச் செல்க. இவற்றை எழுதியே தேர்வில் மதிப்பெண் வாங்கினேன். பள்ளியில் நாள்தோறும் கடைப்பிடித்தேன். வீட்டு வாயிலைத் தாண்டியதும் மறந்துவிட்டேன்.

கொள்ளுப்பேரனிடம் நியமத்தைப் பற்றி மட்டும் சொன்னேன். "திங்களில் இரண்டு அஷ்டமி, இரண்டு சதுர்த்தசி வரும். அந்நாட்களில் பெரியோர் நோன்பிருப்பர். உனக்கு எந்த நாள் இயலுமோ, எத்தனை திங்கள் இயலுமோ, நீயே சொல்" என்றேன். அவன் நாள்காட்டியை எடுத்துவந்து எண்ணிப் பார்த்தான். நான்கு நாளும் இயலும், ஒரு திங்களுக்கு மட்டும் என்றான். தானே அந்நாட்களில் பென்சிலால் வட்டமிட்டான். நான் வற்புறுத்திய பதினொரு விதிகளைவிட அவன் வரைந்த நான்கு வட்டங்கள் வலிமையுடையனவாக இருந்தன. அவன் தாயும் அந்நான்கு நாட்களில் அலுவலகத்திலேயே மாலை ஐந்தரைக்குள் உண்டுவிடுவதாகத் தானே கூறினாள். அவளை நான் கேட்கவேயில்லை.

நானும் ஒரு நியமம் ஏற்றேன். ஒரு திங்கள்வரை, கேட்டாலன்றி அவ்வீட்டின் உலகியல் காரியங்களில் கருத்துக் கூறுவதில்லை என்பது அது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அதை இருமுறை மீறினேன். ஒருமுறை அவர்கள் வாங்கிய சோபாவின் விலையைக் கேட்டபோது. மறுமுறை சாம்பாரில் புளி மிகுந்தபோது. சிறுவன் தன் நியமத்தை அத்திங்களில் ஒருமுறையும் மீறவில்லை.

2025 பொங்கல் விடுமுறைக்குக் குழந்தைகளுடன் பேத்தி ஊருக்கு வந்தாள். அனைவரும் பொன்னூர் மலையேறி, குந்தகுந்த ஆசாரியரின் திருவடிகளைப் பணிந்து வந்தோம். வீட்டில் நான் கிணற்று நீரை இரட்டைத் துணியில் வடிகட்டினேன். பிறகு துணியைத் திருப்பி, வடிகட்டிய நீரையே அதன்மேல் ஊற்றி அலசி, அந்நீரைக் கிணற்றிலேயே மெல்ல இறக்கிவிட்டேன். சிறுவன் பார்த்துக்கொண்டிருந்தான். "ஏன் மீண்டும் கிணற்றில் விடுகிறீர்கள்?" என்று கேட்டான். துணியில் தங்கிய நுண்ணுயிர்கள் தாம் வாழ்ந்த நீருக்கே திரும்ப வேண்டும் என்பதற்காக என்றேன். கிணற்றை எட்டிப் பார்த்து, "வீட்டுக்குப் போய்விட்டனவா?" என்று கேட்டான். மறுநாள் அவ்வேலையைத் தனக்குத் தருமாறு அவனே கேட்டு வாங்கிக்கொண்டான். கண்ணால் காணாத உயிரின்மேல் பரிவு பிறக்க ஒரு துணியும் ஒரு கிணறும் போதுமானவையாக இருந்தன. எளியதிலிருந்து அரியதற்கு என்பது இதுவே.

7. ஓர் ஐயமும் விடையும்

"பிள்ளைகள் விரும்பும்போது கடைப்பிடிக்கட்டும் என்று விட்டுவிட்டால் குல ஒழுக்கம் என்னாவது?" என்று என் வயதொத்த பெரியோர் கேட்பர். நியாயமான கவலை. பிழைப்பின் பொருட்டு நம் பிள்ளைகள் ஊரைவிட்டுச் சென்று, ஜினாலயம் இல்லாத தெருக்களில் வாழ்கின்றனர். ஒரு தலைமுறை கைவிட்டதை அடுத்த தலைமுறை தேடிக் கண்டெடுப்பது கடினம்.

ஆயினும் ஒன்றைக் கருதுக. நான் விதியைத் தாழ்த்தவில்லை. ஏறுபவன் நிற்கும் படியை அறிந்துகொண்டேன், அவ்வளவே. என் தட்டு இன்றும் கதிரவன் மறையுமுன் கவிழ்ந்துவிடுகிறது. அதை அக்குழந்தைகள் காண்கின்றனர். மூன்று வயதுக் கொள்ளுப்பேத்திக்கு மந்திரத்தின் ஒரு சொல்லும் பொருள் தெரியாது. ஆனால் நான் ஸாமாயிகத்தில் அமர்ந்தால் அருகில் வந்து சப்பணமிட்டு, ஒரு கண்ணை மூடி, மறுகண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு யாரும் ஆணையிடவில்லை.

ஆதிபகவன் விருஷபதேவர் தம் புதல்வியர் பிராமிக்கு எழுத்தையும் சுந்தரிக்கு எண்ணையும் கற்பித்தார் என்று ஆதிபுராணம் கூறுகிறது. அவர்களை மடியில் அமர்த்தியே கற்பித்தார் என்பது அங்கே கருதத்தக்கது. உலகின் முதல் வகுப்பறை தந்தையின் மடியாக இருந்தது. கண்டிப்புத் தேவைப்படும் இடம் உண்டு. அது தாய் தந்தையர்க்கு உரியது. கொள்ளுப்பாட்டிக்கு எஞ்சியிருப்பது மடி.

சென்ற ஆடி மாதத்தில் ஒருநாள் காலை சிறுவன் தொலைபேசியில் அழைத்தான். ஒரு திங்களுக்கென ஏற்ற நியமத்தை அவனாகவே நீட்டித்துக்கொண்டு வந்திருக்கிறான். "பெரிய பாட்டி, நேற்று சதுர்த்தசி என்பதை மறந்துவிட்டேன். இரவில் சோளப்பொரி தின்றுவிட்டேன். இப்போது என்ன செய்வது?" என்றான்.

தத்துவார்த்த சூத்திரத்தின் ஒன்பதாம் அத்தியாயம் பிராயச்சித்தத்தை ஒன்பது வகையாக்கிக் கூறுகிறது. அவற்றுள் முதலில் வைக்கப்பட்டது ஆலோசனை, அதாவது செய்த குற்றத்தை மறையாது எடுத்துரைத்தல். "நீ சொன்னதே முதல் பிராயச்சித்தம். அடுத்த அஷ்டமியில் நினைவாகக் கடைப்பிடி" என்றேன். விரதம் ஒருநாள் தவறியது பற்றி எனக்கு வருத்தமில்லை. சுவரைப் பார்த்துப் பொய் சொன்ன குழந்தை, தானே அழைத்து மெய் சொன்னான். அன்று ஜினாலயத்தில் நெடுநேரம் கைகூப்பி நின்றேன்.

8. பற்றும் பரிவும்

முதுமையில் நாம் காக்க வேண்டிய மற்றொன்றும் உண்டு. கொள்ளுப்பேரக் குழந்தைகளின்மேல் எழும் அன்பு மிக இனியது. அதனாலேயே மிகவும் கட்டுவது. 'என் குழந்தை, என் குலம், என் பெயர்' என்று அது வளரும்போது மோகனீய வினையாகிறது. பன்னிரு பாவனைகளுள் ஏகத்துவமும் அன்யத்துவமும் இங்கே நமக்குத் துணை. ஒவ்வோர் உயிரும் தன் வினையைத் தானே ஈட்டித் தானே நுகர்கிறது. அக்குழந்தையின் உயிர் என் உடைமையன்று. எத்தனையோ பிறவிகள் கடந்து, தன் பயணத்தில் சில ஆண்டுகள் என் மடியில் தங்க வந்த உயிர் அது. அதற்கு அறத்தை வழங்கலாம். அதனிடம் பயனை எதிர்பார்த்தலாகாது. அவ்வாறு எண்ணும்போது அன்பு குறைவதில்லை. அச்சுறுத்தும் தேவைதான் குறைகிறது.

9. குடும்பத்தோடு அமர்ந்து சிந்திக்க

பாடம் என்றால் பயிற்சி வினாக்கள் வேண்டும். அடுத்த பருவ நாளில் பெரியோரும் சிறியோரும் ஒன்றாக அமர்ந்து இவற்றிற்கு விடை காண்க.

1. கொல்லாமை அணுவிரதத்தின் ஐந்து மாசுகள் யாவை? அவற்றுள் எது நம் வீட்டில், நாம் அறியாமலே நிகழ்கிறது?
2. நியமம், யமம் இரண்டிற்கும் வேறுபாடு யாது? வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் தமக்கு இயன்ற ஒரு நியமத்தைத் தாமே தேர்ந்து, கால எல்லையுடன் கூறுக. பிறருடைய நியமத்தைப் பற்றி எவரும் கருத்துக் கூறலாகாது.
3. கதிரவன் மறையுமுன் குழந்தைகள் உண்பதற்கு நம் வீட்டில் யார் என்ன ஏற்பாடு செய்யலாம்?
4. குழந்தைகள் பெரியோரிடம் கேட்கத் தயங்கும் ஒரு வினாவை இன்று கேட்கட்டும். விடை தெரியாவிடில் பெரியோர் நூலைப் புரட்டிப் பார்த்து, அடுத்த பருவ நாளில் விடை கூறுக.
5. பெரியோருக்கு மட்டும்: கடைசியாக எப்போது நாம் நம் வீட்டுச் சிறியோரிடம் மன்னிப்புக் கேட்டோம்?

ஐந்தாம் வினாவிற்கு நான் 77ஆம் வயதில்தான் முதன்முதலாக விடை எழுதினேன். இதைப் படிக்கும் இளையோர் அவ்வளவு காலம் காத்திராதிருப்பார்களாக!

அறம் வளர்க! அகிம்சை ஓங்குக!